மெர்சருக்குக் கதவு கிடையாது, நம்பர் பிளேட் உண்டு

கேள்வி: அந்தக் கால அமெரிக்கர்கள் ஃபோர்டு ‘மாடல் டி’யை லட்சக்கணக்கில் செய்து தள்ளினார்கள், அவ்வளவுதானே? வேகமான சொகுசுக் கார் ஐரோப்பாவின் சொத்து. படங்களில் காட்டும் கதவில்லாத மஞ்சள் ‘மெர்சர்’ வெறும் பந்தய வண்டிதான் என்கிறேன் நான். சரிதானே?

பதில்: இரண்டுமே தவறு.

அந்த மஞ்சள் கார், நியூஜெர்சியின் டிரென்டன் நகரத்து மெர்சர் கம்பெனி விற்ற ‘டைப் 35 ரேஸ்அபவுட்’. விலை 2,000 டாலருக்குக் கொஞ்சம் மேல். விளக்கும் மட்கார்டும் பூட்டித்தான் வாங்குபவர் கைக்கு வந்தது. அவற்றைக் கழற்றிவிட்டால் அதே வண்டி பந்தயத்துக்குத் தயார். 1911-இல் கலந்துகொண்ட ஆறு பெரிய பந்தயங்களில் ஐந்தை வென்றது. ஒரு மைலை 51 வினாடியில் கடக்கும் என்று கம்பெனியே உத்தரவாதம் தந்தது. மணிக்கு ஏறக்குறைய 113 கிலோமீட்டர். ‘மாடல் டி’ முழு மூச்சில் ஓடினாலும் 70-ஐத்தான் எட்டும்.

இந்த வேகம் எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். வடிவமைத்தவர் ஃபின்லி ராபர்ட்சன் போர்ட்டர். நான்கு சிலிண்டர், 4.9 லிட்டர், ‘டி-ஹெட்’ இன்ஜின். இன்டேக் வால்வுகள் ஒரு பக்கம், எக்ஸாஸ்ட் வால்வுகள் மறுபக்கம், பக்கத்துக்கு ஒரு கேம்ஷாஃப்ட். இடம் தாராளமாக இருந்ததால் பெரிய வால்வு வைக்க முடிந்தது. இன்ஜின் நன்றாக மூச்சு விட்டது. கோளாறும் அதிலேயே உண்டு. எரியும் அறை இரு பக்கமும் அகன்றுவிடுவதால் வெப்பத்தில் கணிசமான பங்கு குளிர்விக்கும் தண்ணீருக்குப் போய்விடும். கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை நெருக்கும் அளவை, ஏற்றலாம் என்றால், அன்றைய பெட்ரோல் தானாகவே வெடித்து இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும். ஆகவே சக்தி வேண்டுமானால் சிலிண்டரைப் பெரிதாக்குவதே வழி.

ஓட்டுவதும் எளிதல்ல. ஆக்சிலரேட்டர் பெடல் பாடிக்கு வெளியே இருக்கும். கண்ணாடி என்றால் ஸ்டியரிங் தண்டில் மாட்டிய ஒரு வட்டம் மட்டுமே. கையால் சுற்றிக் கிளப்பும்போது முதலில், தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் ஸ்பார்க் நெம்புகோலைத் தாமத நிலைக்குப் பின்தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே எரிந்து, கைப்பிடி எதிர்ப்பக்கம் திரும்பி அடிக்கும், மணிக்கட்டு முறியும். கட்டைவிரலால் கைப்பிடியை வளைத்துப் பிடிக்கக் கூடாது. மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். முன்சக்கரங்களுக்கு பிரேக்கே இல்லை. இந்த வேகத்துக்கு அது பெரிய குறை, மறைக்க வேண்டியதில்லை.

இண்டியானாபொலிஸில் ஹாரி ஸ்டட்ஸ் தன் முதல் காரை 1911-இன் முதல் 500 மைல் பந்தயத்தில் நேராக இறக்கினார். பதினோராவது இடம். ‘ஒரே நாளில் பேர் வாங்கிய கார்’ என்று விளம்பரம் செய்தார். அடுத்த ஆண்டு வந்த ‘பேர்கேட்’டில் 6.4 லிட்டர் விஸ்கான்சின் இன்ஜின், 60 குதிரைத்திறன். கியர்பாக்ஸைப் பின் அச்சோடு சேர்த்தே பொருத்தினார். எடை பின்னால் நகர்ந்தது நல்லதுதான்; ஆனால் அந்த எடை ஸ்பிரிங்குக்கு மேலே இல்லாமல் அச்சிலேயே இருப்பதால், மேடு பள்ளத்தில் பின் அச்சு குதிக்கும். அந்த வண்டியில்தான் நெடுந்தூர ஓட்டுநர் ‘கேனன்பால்’ பேக்கர் 1915-இல் சான் டியாகோவிலிருந்து நியூயார்க்குக்கு 11 நாள், 7 மணி, 15 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார், ஒழுங்கான சாலை பாதிகூட இல்லாத நாட்டில்.

ஐரோப்பாவின் சொத்து என்றீர்கள். 1921-இல் லு மானில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயை வென்றது ஜிம்மி மர்ஃபி ஓட்டிய, டூசன்பர்க் சகோதரர்களின் அமெரிக்கக் கார் டூசன்பர்க். நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக். அதே பிரேக்கை அந்தச் சகோதரர்கள் விற்பனைக் காரான ‘மாடல் ஏ’யிலும் வைத்தார்கள். 1928 லு மான் 24 மணி நேரப் போட்டியில் டாப் கியரை இழந்த பிறகும் ஸ்டட்ஸ் இரண்டாவதாக வந்தது. முந்தியது பென்ட்லி ஒன்றுதான்.

சொகுசுக்கு டூசன்பர்க் ‘மாடல் ஜே’. 1928 டிசம்பரில் நியூயார்க்கில் காட்டினார்கள். எட்டு சிலிண்டர், 6.9 லிட்டர், சிலிண்டருக்கு நான்கு வால்வு. கம்பெனி சொன்ன சக்தி 265 குதிரைத்திறன். வெறும் சேஸிஸ் விலையே 8,500 டாலர். பாடி கட்டும் செலவு தனி. ஆயில் மாற்றும் நேரம் வந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். இதன் சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வடிவமான ‘எஸ்ஜே’ ஒன்றுக்கு லண்டனின் கர்னி நட்டிங்கில் பாடி கட்டவைத்தவர் இந்தூர் மகாராஜா.

ஒன்றில் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு: இவை நிலைக்கவில்லை. மெர்சர் 1925-இல் நின்றது, டூசன்பர்க் 1937-இல். வேகத்தில் தோற்று நிற்கவில்லை. இருபதுகளில் மக்கள் மூடிய கார் கேட்டார்கள். 1929 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பின் அந்த விலை கொடுக்க ஆளில்லை.

இனி ‘அசல் பேர்கேட்’ என்று யாராவது படம் காட்டினால் முன் பின் அச்சுகளுக்கு இடையிலுள்ள தூரத்தைக் கேளுங்கள். பேர்கேட்டுக்கு 120 அங்குலம், ரேஸ்அபவுட்டுக்கு 108. குடும்ப டூரிங் காரின் நீளமான சேஸிஸில் பாடியை மட்டும் மாற்றிக் கட்டியவை நிறைய உண்டு.