ரேடார் டிடெக்டரை சீட்டுக்கு அடியில் வைத்தால் போதுமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். அடுத்த மாதம் நானும் மனைவியும் நண்பர் குடும்பமும் ஒரே மினிவேனில் ஐ-95 நெடுஞ்சாலை வழியாக ஃப்ளோரிடா போகிறோம். என் மச்சான் ஒரு கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறார். போலீஸின் வேக ரேடார் அலையைப் பிடித்து எச்சரிக்கும் ரேடார் டிடெக்டரும், சாலையைப் பதிவு செய்யும் டேஷ் கேமராவும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. வர்ஜீனியாவில் டிடெக்டர் கூடாதாம். அங்கே போனதும் வயரைப் பிடுங்கி சீட்டுக்கு அடியில் வைத்தால் போதும் என்கிறார் மச்சான். சரியா? வண்டிக்குள் பேசுவதையும் கேமரா பதிவு செய்கிறது, அதில் சிக்கல் உண்டா? விபத்து ஏதாவது நடந்தால் வீடியோ எங்களுக்குச் சாதகம்தானே? வேலை விசாவில் இருக்கிறேன். சின்ன வழக்கு வந்தால்கூட என்ன ஆகுமோ என்று பயம்.

பதில்: உங்கள் மச்சான் சொன்னது பாதி சரி. அந்தப் பாதியை நம்பிப் போனால் வர்ஜீனியாவில் டிக்கெட் நிச்சயம்.

வர்ஜீனியா சட்டத்தின் 46.2-1079 பிரிவின்படி டிடெக்டர் உள்ள வண்டியை ஓட்டுவதே தவறு. கருவி ஓடிக்கொண்டிருந்தது என்றோ, வேலை செய்யும் நிலையில் இருந்தது என்றோ அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. விலக்கு ஒன்று உண்டு. கருவிக்கு மின்சாரம் வரும் வழியே இருக்கக் கூடாது. அதோடு, ஓட்டுபவரோ உடன் இருப்பவரோ கை நீட்டி எடுத்துப் பயன்படுத்தும் இடத்திலும் அது இருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒருசேர இருந்தால்தான் விலக்கு. வயரைப் பிடுங்கினால் முதல் நிபந்தனை நிறைவேறும். சீட்டுக்கு அடியில் இருந்தால் இரண்டாவது அங்கேயே விழுந்துவிடும்.

இதே தவறைச் செய்த ஒரு தம்பதி சில வருடங்களுக்கு முன் வக்கீலான என்னிடம் வந்தார்கள். வேகம் பற்றிப் போலீஸ்காரர் சொன்னது தவறு, எங்கள் டேஷ் கேமராவில் எல்லாம் இருக்கிறது என்று மெமரி கார்டைக் கொடுத்தார்கள். மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். திரையில் சாலை மட்டும்தான். ஆனால் ஒலி தெளிவாகக் கேட்டது. "பின்னால லைட் போடுறான். டிடெக்டரைக் கழட்டு, சீட்டுக்கு அடியில தள்ளு, சீக்கிரம்." அடுத்த நொடி, சக்‌ஷன் கப் கண்ணாடியை விட்டுப் பிரியும் 'டப்' சத்தம். கேமராவில் மைக் இருப்பதே இருவருக்கும் நினைவில் இல்லை. போலீஸ்காரர் ஜன்னல் பக்கம் வந்ததும் முன்கண்ணாடியில் இரண்டு வட்டத் தடங்களையும், சாக்கெட்டில் தொங்கிய சுருள் வயரையும் பார்த்திருக்கிறார். மிச்சத்தை அவர் ஊகிக்கவே தேவையில்லை. அந்த வீடியோவை நான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை. அதை அழிக்கவும் அவர்களை விடவில்லை. அபராதத்தைக் கட்டச் சொல்லி அனுப்பினேன்.

உங்களுடையது இரண்டும் ஒன்றான கருவி என்பதால் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. டிடெக்டரை எடுத்துவைக்க வேண்டும் என்றால் கேமராவும் கூடவே போய்விடும். ஐ-95 வர்ஜீனியாவுக்குள் சுமார் 180 மைல் ஓடுகிறது. அந்த நீளம் முழுக்க உங்களிடம் கேமரா இருக்காது. மெனுவில் டிடெக்டரை மட்டும் அணைத்துவிட்டுக் கேமராவை ஓட விடலாமே என்று தோன்றும். வேண்டாம். கருவி ஓடியதா இல்லையா என்பதே அந்தப் பிரிவுக்குப் பொருட்டில்லை. ஆதாரத்துக்காகப் போலீஸ் கருவியை எடுத்துவைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும்தான். ஆனால் உங்கள் பயணம் அதுவரை காத்திருக்காது.

ஆகவே நான் சொல்வது இதுதான்: மச்சானின் பரிசை வீட்டில் வைத்துவிட்டு, தனியாக ஒரு சாதாரண டேஷ் கேமராவைப் பொருத்திக்கொண்டு போங்கள். கட்டாயம் எடுத்துத்தான் போக வேண்டும் என்றால் மேரிலாந்திலேயே வண்டியை நிறுத்திக் கருவியைக் கழற்றி உள்ளே வைக்கும் வேலையை முடித்துவிடுங்கள். உட்ரோ வில்சன் பாலத்தில் ஐ-95 வாஷிங்டன் டிசியின் தென்முனையைச் சில நூறு அடி தூரம் தொட்டுவிட்டுத்தான் வர்ஜீனியாவுக்குள் நுழைகிறது. டிசியிலும் டிடெக்டருக்குத் தடை இருக்கிறது. பாலத்தில் ஏறிய பிறகு நிறுத்த இடமும் கிடையாது. மினிவேனில் தனி டிக்கி இல்லாததால் கருவியை, வயரை, ஸ்டாண்டை எல்லாம் கழற்றி ஒரு பெட்டியின் அடியில் வைத்து, அந்தப் பெட்டியையும் மற்றப் பெட்டிகளுக்குக் கீழே தள்ளுங்கள். கண்ணாடியில் இருக்கும் வட்டத் தடங்களைத் துடைத்துவிடுங்கள்.

அடுத்த முறை நயாகராவுக்குக் கனடா பக்கம் போவதாக இருந்தால் இந்தப் பெட்டிக் கணக்கும் உதவாது. ஒன்டாரியோவில் டிடெக்டர் வண்டிக்குள் எங்கே இருந்தாலும் குற்றம். போலீஸ் வாரண்ட் இல்லாமலே தேடிப் பறிமுதல் செய்யலாம், தண்டனை உறுதியானால் கருவி திரும்பி வராது. அபராதம் 100 முதல் 1,000 கனடா டாலர் வரை. செல்போனில் வேஸ் போன்ற செயலிகள் காட்டும் எச்சரிக்கை வேறு வகை. அவை ரேடார் அலையைப் பிடிப்பதில்லை, மற்ற ஓட்டுநர்கள் தரும் தகவலைத்தான் காட்டுகின்றன. வர்ஜீனியாவின் டிடெக்டர் தடை அவற்றின் மேல் பாயாது. ஆனால் 2021 ஜனவரி முதல் வர்ஜீனியாவில் ஓட்டும்போது போனைக் கையில் பிடித்திருப்பதே தவறு.

விசா பற்றிக் கேட்டீர்கள். டிடெக்டர் டிக்கெட் வெறும் போக்குவரத்து மீறல், அதிகபட்ச அபராதம் 250 டாலர், அதோடு கோர்ட் செலவு. நீங்கள் பயப்பட வேண்டியது இதற்கல்ல, டிடெக்டர் தரும் தைரியத்துக்குத்தான். வர்ஜீனியாவில் வேக வரம்பை 20 மைல் அல்லது அதற்கு மேல் தாண்டினாலோ, வரம்பு எதுவாக இருந்தாலும் 85 மைலைத் தாண்டினாலோ அது 'ரெக்லஸ் டிரைவிங்'. 46.2-862 பிரிவு. முதல் வகுப்பு மிஸ்டிமீனர், அதாவது கிரிமினல் குற்றம். 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம். வரம்பு 70 என்று போட்டிருக்கும் இடத்தில் 86-இல் போனாலே, அதாவது 16 மைல் கூடுதலாக இருந்தாலே, அதற்குள் விழுந்துவிடுவீர்கள். விசா விண்ணப்பத்தில் கைது, தண்டனை பற்றிக் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதும்போது இது முன்னால் வந்து நிற்கும்.

அந்த வேகத்தில் டிடெக்டர் காப்பாற்றுமா என்றால், பெரும்பாலும் இல்லை. போலீஸ்காரர் ரேடார் துப்பாக்கியை அணைத்தே வைத்திருந்து, வண்டி பக்கத்தில் வந்ததும் ஒரு நொடி அழுத்துவார். டிடெக்டர் கத்தும்போது உங்கள் வேகம் அவர் கையில் ஏற்கெனவே எண்ணாகத் தெரிந்துவிட்டிருக்கும். போலீஸின் லேசர் துப்பாக்கி என்றால், அதன் கற்றை ஆயிரம் அடி தூரத்திலும் சில அடி அகலம்தான், அது உங்கள் வண்டி மேல் பட்டபிறகுதான் கருவிக்கே தெரியும். பின்னாலேயே வந்து வேகம் கணக்கிடுபவரிடமிருந்து அலையே வராது. இதற்கு நடுவில் பக்கத்து வண்டிகளின் பிளைண்ட் ஸ்பாட் சென்சார் 24 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வதால், அதே அலைவரிசையில் வரும் போலீஸின் கே பேண்ட் ரேடார் என்று நினைத்துக் கருவி சும்மா சும்மா கத்தும். பத்து பொய் எச்சரிக்கை கேட்ட பிறகு பதினொன்றாவதை யார் மதிப்பார்கள்?

இனி கேமரா. சாலையைப் படம் பிடிப்பதில் நீங்கள் போகும் வழியில் எங்கும் தகராறு இல்லை. ஓட்டுபவரின் பார்வையை மறைக்காமல் ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால் பொருத்தினால் போதும். சிக்கல் முழுக்க ஒலியில்தான்.

கூட்டாட்சிச் சட்டப்படி, பேச்சில் கலந்துகொள்ளும் ஒருவருக்குச் சம்மதம் என்றால் பதிவு செய்யலாம். நியூஜெர்சி, வர்ஜீனியா, வட கரோலினா எல்லாம் அப்படியே. மேரிலாந்தும் ஃப்ளோரிடாவும் அப்படி இல்லை. தனிப்பட்ட பேச்சைப் பதிவு செய்ய அங்கே எல்லோருடைய சம்மதமும் வேண்டும். மீறினால் இரண்டு மாநிலத்திலும் ஃபெலனி, அதாவது கடுமையான கிரிமினல் குற்றம், 5 ஆண்டு வரை சிறை. நண்பர் குடும்பத்தோடு பேசிச் சிரித்ததற்காக யாரும் உங்களைச் சிறையில் போடப் போவதில்லை. ஆனால் நண்பர்களுக்குள் மனக்கசப்பு வரும் நாளில் இந்தப் பிரிவை வைத்துப் புகார் எழுதப்படும். அப்படி எழுதப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பெட்ரோல் போட வண்டியை நிறுத்துகிறீர்கள். நீங்கள் இறங்கிவிட்டீர்கள், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, கேமராவும் ஓடுகிறது. உள்ளே நண்பரும் அவர் மனைவியும் தங்களுக்குள் ஏதோ பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் நீங்கள் இல்லை. அவர்களுக்குப் பதிவாவது தெரியாது. சம்மதம் தந்தவர் ஒருவர்கூட இல்லை என்றால், ஒருவர் சம்மதம் போதும் என்கிற மாநிலத்திலும் அது சட்டத்துக்குப் புறம்பாகிவிடலாம். ஸ்பீக்கரில் வரும் போன் அழைப்பும் இப்படித்தான், மறுமுனையில் இருப்பவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்தச் சட்டமும் வந்து சேரும். அதனால் புறப்படும்போதே மைக்கை அணைத்துவிடுங்கள். ஒலி வேண்டும் என்றால் ஏறும்போதே எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்லி, கண்ணில் படும்படி ஒரு ஸ்டிக்கரும் ஒட்டுங்கள்.

போலீஸ் நிறுத்தும் நேரத்தில் கேமரா ஓடுவது தவறல்ல. பொது இடத்தில் கடமையில் இருக்கும் போலீஸைப் பதிவு செய்யும் உரிமையைப் பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. வட கரோலினாவின் வின்டர்வில்லில் நிறுத்தப்பட்ட வண்டியிலிருந்து ஒரு பயணி அதை நேரலையாக ஒளிபரப்பிய வழக்கில், அது அரசியல் சட்டம் காக்கும் பேச்சுரிமைக்குள் வரும் என்று நான்காம் சர்க்யூட் என்ற கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் சொன்னது. மேரிலாந்து, வர்ஜீனியா, இரண்டு கரோலினாக்கள் எல்லாம் அந்த நீதிமன்றத்தின் கீழ்தான். மேரிலாந்தில் ஹெல்மெட் கேமராவில் போலீஸைப் படம் பிடித்த மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் மேல் ஒலிப்பதிவுக் குற்றம் சுமத்தப்பட்டபோது, சாலையோரப் பேச்சு தனிப்பட்ட பேச்சே அல்ல என்று 2010-இல் நீதிபதி அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளினார். இருந்தாலும் மேரிலாந்தில் "கேமரா ஓடுகிறது, ஆபீசர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கைகள் ஸ்டீயரிங் மேலேயே இருக்கட்டும். கேமராவை அணைக்கவோ திருப்பவோ கை நீட்டாதீர்கள்.

வீடியோ சாதகம்தானே என்று கேட்டதற்குத்தான் எனக்குப் பதில் சொல்ல அதிகம் இருக்கிறது. வீடியோ ஒரு சாட்சி. உங்கள் பக்கம் பேச மட்டும் அதற்குத் தெரியாது. மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா மூன்றிலும் இன்னும் பழைய விதிதான் நடக்கிறது: விபத்துக்கு உங்கள் கவனக்குறைவும் சிறிதளவு காரணம் என்று நிரூபணமானால் இழப்பீடு ஒரு டாலர்கூடக் கிடைக்காது. நாட்டில் மிகச் சில மாநிலங்களில் மட்டும் இருக்கும் இந்த விதி, உங்கள் வழியில் அடுத்தடுத்து மூன்று மாநிலங்களில் இருக்கிறது. நீங்கள் 65 மைல் வரம்பில் 78-இல் போகிறீர்கள், ஒருவர் சிக்னல் போடாமல் குறுக்கே வந்து இடித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தவறை வீடியோ அழகாகக் காட்டும். திரையின் மூலையில் ஜிபிஎஸ் எழுதும் '78'-ஐயும் காட்டும். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த மூலையை மட்டும் பெரிதாக்கி ஜூரிக்குக் காட்டுவார். ஃப்ளோரிடாவில் கதை வேறு, 2023 மார்ச் முதல் உங்கள் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால்தான் இழப்பீடு போகும்.

வேகத்தைத் திரையில் எழுதும் வசதியைப் பயணத்துக்கு முன் அணைத்துவைப்பது உங்கள் உரிமை. ஆனால் பல கேமராக்களில் ஜிபிஎஸ் விவரம் கோப்புக்குள் தனியாகப் பதிவாகும், அணைத்துவிட்டோம் என்று நம்பி வேகம் போகாதீர்கள். விபத்து நடந்த பிறகு எதையும் அழிக்கவே கூடாது. அழித்தது தெரிந்தால், அதில் உங்களுக்குப் பாதகமானது இருந்திருக்கும் என்று ஜூரி கருதிக்கொள்ளலாம். அழிக்காமல் சும்மா விட்டாலும் ஆபத்துதான். லூப் ரெக்கார்டிங் பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும், ஊருக்குத் திரும்பி வருவதற்குள் மோதல் காட்சி காணாமல் போயிருக்கும். எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, பதிவைப் பூட்டும் பொத்தானை அழுத்தி, கார்டைக் கழற்றிப் பையில் போட்டு, வேறு கார்டைச் செருகுங்கள்.

எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி போன் செய்து வீடியோ கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் கம்பெனியோடு ஒத்துழைக்க ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தும், அங்கேயும் நகலைத்தான் கொடுக்க வேண்டும், கார்டை அல்ல. போலீஸ் கேட்டால், "வக்கீலிடம் பேசிவிட்டு நகல் தருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம். அவர் வற்புறுத்தி எடுத்துக்கொண்டால் தடுக்காதீர்கள், சம்மதம் இல்லை என்பதை மட்டும் சொல்லுங்கள். மற்றதை நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் கேமராவின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். ஒரு மணி நேரம் தப்பாக ஓடும் கடிகாரத்தை வைத்து நல்ல வீடியோவையும் சந்தேகப்பட வைத்துவிடுவார்கள். வழியில் டிக்கெட் ஏதாவது கொடுத்தால், காரை எடுப்பதற்கு முன் அதில் எழுதியிருக்கும் பிரிவு எண்ணைப் பாருங்கள். 46.2-1079 என்றால் ஊர் திரும்பிய பின் எனக்கு எழுதலாம். 46.2-862 என்றால் காத்திருக்காதீர்கள், ஆன்லைனில் பணம் கட்டி முடிக்கவும் பார்க்காதீர்கள். அன்றைக்கே அந்த கவுன்ட்டி நீதிமன்றத்தில் ஆஜராகும் ஒரு வக்கீலையும், உங்கள் விசா வக்கீலையும் கூப்பிடுங்கள்.