பச்சை வயர் நியூட்ரல் ஆகாது: சென்சார் விளக்குக் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சென்சார் விளக்கைப் பற்றியவை. எழுதுகிறவர்கள் மூன்று விஷயம் மட்டும் மறக்காமல் எழுதுங்கள்: சென்சார் பி.ஐ.ஆரா (உடம்புச் சூட்டை உணர்வது) மைக்ரோவேவா (அலை அனுப்பி அசைவை உணர்வது), எத்தனை வயர், எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறது. அப்புறம், எதில் கை வைப்பதானாலும் மெயினை இறக்கிவிட்டு வையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ஏனுங்க, வாசலில் மாட்டிய சென்சார் லைட் ஆடிக் காற்று ஆரம்பித்ததிலிருந்து ராத்திரி பூரா எரிகிறது. ஆள் யாரும் வருவதில்லை. சென்சார் போய்விட்டதா? (பொள்ளாச்சி)

சென்சார் நன்றாக இருக்கிறது. மாட்டிய இடம்தான் தப்பு. நீங்கள் அனுப்பிய படத்தில் மூடி வழவழவென்று இருக்கிறது. பி.ஐ.ஆருக்கு உள்ள கட்டம் கட்டமான வெள்ளை லென்ஸ் இல்லை. எனவே அது மைக்ரோவேவ். ஆடுவது எதுவானாலும் அதன் கண்ணில் படும். தென்னை மட்டை ஆடினாலும், கொடியில் துணி ஆடினாலும், சாரல் அடித்தாலும் எரியும். மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பவரைக்கூட விடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து மோதும் ஊரில் அதை வாசலில் மாட்டக் கூடாது என்று எத்தனை தடவை எழுதிவிட்டேன்!

பி.ஐ.ஆர் வாங்கி எட்டடி உயரத்தில் மாட்டுங்கள். ஆள் அதற்குக் குறுக்கே கடக்கும்படி இருக்கட்டும். நேராக எதிரே நடந்து வந்தால் அதற்குச் சீக்கிரம் தெரியாது. பல்பை ஒட்டியும் மாட்டாதீர்கள். பல்பு அணைந்து ஆறும்போது அந்தச் சூடு மாறுவதையே ஆள் என்று எண்ணி மறுபடி எரியும். மாசம் ஒரு முறை லென்ஸைத் துடையுங்கள். லென்ஸ் மேலேயே ஒரு பல்லி குடியிருந்து, பூச்சிக்காக அது நகரும்போதெல்லாம் போர்டிகோ முழுக்க வெளிச்சமான வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

சென்சார் வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்? (ஊர் இல்லை)

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது? மேலே கேட்ட மூன்றையும் எழுதுங்கள். அதற்குள் லக்ஸ் திருகு (எவ்வளவு இருட்டானால் எரிய வேண்டும் என்று வைப்பது) நிலாப் படத்தின் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் பகலில் எரியாது. கோளாறு என்று வருவதில் பாதி இந்தத் திருகுதான்.

தோட்டத்துச் சாளையில் நாய் குறுக்கே போனாலும் லைட் எரிகிறது. (தாராபுரம்)

லென்ஸின் கீழ் இரண்டு வரிசையைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள். பக்கத்தில் சுற்றும் நாய் அதில் படாது. தூரத்தில் மாடு வந்தால் எரியத்தான் செய்யும். காவலுக்காக மாட்டியது என்றால் அது எரிவது நல்லதுதான்.

சுவிட்ச் பாக்ஸில் சென்சார் மாட்ட எலக்ட்ரீஷியன் வந்தார். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இல்லை என்று பச்சை எர்த் வயரில் சேர்த்துவிட்டார். நன்றாக எரிகிறது. ஆனால் ஆர்.சி.சி.பி (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அவ்வப்போது விழுகிறது. அதைக் கழற்றிவிடலாம் என்கிறார். செய்யலாமா? (ஈரோடு)

செய்யவே கூடாது. இன்றைக்கே அந்தச் சென்சாரைக் கழற்றச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். உங்கள் வீட்டில் சரியாக வேலை செய்கிற ஒரே ஆள் அதுதான்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நம் ஊர் வயரிங்கில் விளக்குக்கான நியூட்ரல் நேராக மேலே பல்புக்குப் போய்விடும். சுவிட்ச் பாக்ஸுக்குக் கரண்ட் கொண்டுவரும் ஃபேஸும், பல்புக்குத் திரும்பும் வயரும்தான் வரும். மூன்று வயர் சென்சாருக்கோ தான் உயிரோடு இருக்கவே ஃபேஸும் நியூட்ரலும் வேண்டும். பாக்ஸைத் திறந்தால் பச்சை வயர் கையருகே இருக்கிறது. டெஸ்ட் லேம்ப் வைத்தால் எரிகிறது. ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துக் காசு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு சென்சார் எர்த்தில் விடுவது சில மில்லியாம்பியர்தான். 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி அதைப் பொறுத்துக்கொள்ளும். மூன்று நான்கு சேர்ந்து, கூடவே ஃப்ரிட்ஜின் கசிவும் சேர்ந்தால் விழும். விழுகிறதே என்று அதையே கழற்றினால் அப்புறம் அந்த வீட்டுக்கு ஒரு காவலும் இல்லை.

காங்கேயம் பக்கம் ஒரு வீட்டில் கிரைண்டரைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது என்று கூப்பிட்டார்கள். அந்த அம்மா ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மாவு வழித்துக்கொண்டிருந்தார். கிரைண்டரைப் பிரித்துப் பார்த்தேன், ஒரு பழுதும் இல்லை. கொல்லையில் எர்த் குழி சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கம்பியில் மாட்டியிருந்த கிளாம்ப் துருவேறி, விரலால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வீட்டில் மூன்று சென்சார், மூன்றுக்கும் பச்சை வயரே நியூட்ரல். அந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் பச்சை வயர் போகிற இடமெல்லாம் போய் நின்றது. கிரைண்டர், கீசர், ஃப்ரிட்ஜ் என்று எல்லா இரும்பு உடம்பிலும்! யாரும் சாகாதது அவர்கள் செய்த புண்ணியம். மாட்டியவர் யாரென்று விசாரித்தேன், முப்பது வருஷ அனுபவஸ்தர் என்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வழி இல்லாமல் இல்லை. பிளக் பாயிண்ட் உள்ள போர்டில் நியூட்ரல் கட்டாயம் இருக்கும், அங்கிருந்து இழுக்கலாம். ஆனால் அதே ஆர்.சி.சி.பிக்குக் கீழே வரும் நியூட்ரலாக இருக்க வேண்டும். பக்கத்துச் சர்க்யூட்டில் கடன் வாங்கினாலும் விழும். இல்லையென்றால் சென்சாரைச் சீலிங்கில் பல்பு பாயிண்ட்டிலேயே மாட்டுங்கள், இரண்டு வயரும் அங்கே இருக்கின்றன. நியூட்ரல் வேண்டாத இரண்டு வயர் சென்சாரும் கிடைக்கிறது. அதன் மின்சாரம் பல்பு வழியாகவே போவதால் எல்.இ.டி அணைந்த பிறகும் மினுக்கும். நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

நிறத்திலும் கவனம் வேண்டும். வெளியிலிருந்து வரும் சென்சார்களில் நீலம்தான் நியூட்ரல். நம் பழைய த்ரீ ஃபேஸ் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ், கறுப்புதான் நியூட்ரல். நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் சென்சாருக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வரை போகும். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் சேர்க்காதீர்கள். பார்த்த பிறகு, சேர்க்கும் முன் மெயினை இறக்குங்கள்.

பனியன் கம்பெனி முழுக்கச் சென்சார் போட்டால் கரண்ட் பில் எவ்வளவு குறையும்? (திருப்பூர்)

முழுக்கப் போடக் கூடாது. தைக்கிற இடம், கட்டிங், செக்கிங் டேபிள் எதிலும் சென்சார் வேண்டாம். ஆள் அசையாமல் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அணைந்தால் பழுது தப்பிப் போகும். மெஷினில் கை இருக்கும்போது அணைந்தால் விரல் போகும்.

மாடிப்படி, கழிப்பறை, ஸ்டாக் ரூம் இவற்றில் போடுங்கள். மாடிப்படியில் ஆறு 20 வாட் ட்யூப் ராத்திரி 12 மணி நேரம் எரிந்தால் வருஷத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல். சென்சார் இருந்தால் 100ஐத் தாண்டாது. ஸ்டாக் ரூமில் பெட்டி அடுக்கு மறைத்தால் பி.ஐ.ஆருக்கு ஆள் தெரியாது, சந்துக்கு ஒன்று வையுங்கள்.

ஒரே சென்சாரில் பதினைந்து ட்யூபை மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெட்டியில் 1200 வாட் என்று போட்டிருப்பது குண்டு பல்புக் கணக்கு. எல்.இ.டி டிரைவர் எரியத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். அதில் சென்சாருக்குள் சுவிட்சாக இருக்கும் ரிலே ஒட்டிக்கொண்டால் விளக்கு அணையவே அணையாது. எல்.இ.டிக்கு என்று தனியாகப் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள், அதிலும் பாதியோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் நடுவில் காண்டாக்டர் (பெரிய சுமையைத் தாங்கும் சுவிட்ச்) போடுங்கள்.

வீட்டில் பாத்ரூம் லைட்டுக்குச் சென்சார் போட்டால் லாபமா? (கோவை)

பெரிய லாபம் இல்லை. 9 வாட் பல்பு தினம் நான்கு மணி நேரம் வீணாக எரிந்தால் வருஷத்துக்கு 13 யூனிட். சென்சார் தான் விழித்திருக்கவே நான்கைந்து யூனிட் சாப்பிடும். காசுக்காக வேண்டாம். ராத்திரி எழுந்து சுவிட்சைத் தடவும் வயசானவர்கள் வீட்டில் இருந்தால் யோசிக்காமல் போடுங்கள், பி.ஐ.ஆர் போதும். டைம் திருகைப் பத்து விநாடியில் விட்டுவிடாதீர்கள். குறைந்தது ஐந்து நிமிடம் வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது இருட்டானால் எழும்போது தடுக்கி விழுவார்கள்.

கோழிப் பண்ணையில் ராத்திரி வெளிச்சத்துக்கு மோஷன் சென்சார் போடலாமா? (நாமக்கல்)

வேண்டாம். முட்டைக் கோழிக்குத் தினமும் 16 மணி நேர வெளிச்சம் ஒரே சீராகக் கிடைக்க வேண்டும். நம் பகுதியில் பகல் பதினொன்றரை முதல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் வரைதான், மிச்சத்தை விளக்கு ஈடுகட்ட வேண்டும். அதற்கு டைமர்தான். கரண்ட் போனாலும் நேரம் மாறாமல் இருக்க பேட்டரி உள்ள டைமராக வாங்குங்கள். முட்டை இடும் பருவத்தில் வெளிச்ச நேரத்தைக் குறைக்கவே கூடாது.

ஆபீஸில் ஜன்னலோர விளக்கு சாயங்காலம் எரிந்து எரிந்து அணைகிறது. (அவிநாசி)

வெளிச்ச சென்சார் தன் விளக்கையே பார்க்கிறது. ஜன்னலை நோக்கித் திருப்பி வையுங்கள்.

சித்திரை, வைகாசியில் பி.ஐ.ஆர் கிட்டப் போனால்தான் எரிகிறது. (கரூர்)

சாயங்காலமும் சுவர் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் உங்களுடையது. சுவருக்கும் ஆளுக்கும் சூட்டில் வித்தியாசம் இல்லையென்றால் பி.ஐ.ஆருக்கு ஆள் தெரியாது. அந்த இரண்டு மாசத்துக்கு சென்ஸ் திருகை (சென்சாரின் உணர்திறனை மாற்றுவது) கூட்டிவைத்து, ஆனி பிறந்ததும் குறைத்துவிடுங்கள்.