காடா, கரடா?

கேள்வி: இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். படம் போட்ட சொல் அட்டையைக் காட்டினால் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லிவிடுகிறார்கள். அதே சொல்லைக் கரும்பலகையில் எழுதினால் முழிக்கிறார்கள். நானே ஏதாவது செய்துகொள்ளலாமா? கையில் இருப்பது கத்தரிக்கோல், பழைய அட்டைப்பெட்டி, மார்க்கர் பேனா, அவ்வளவுதான்.

பதில்: அது போதும் டீச்சர். பெரிதாக ஒரு யானை நின்றால், அதன் காலடியில் எழுதியிருப்பதை எந்தப் பிள்ளை பார்க்கும்? படத்தை அட்டையின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். வாசித்த பிறகு திருப்பிப் பார்க்கட்டும். சரியா தப்பா என்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

படம் போனால் வேறு துப்பு தேடுவார்கள். என் வகுப்பில் ஒருவன் கடைசி வரிசையிலிருந்தே 'வீடு' என்பான், ஒருநாளும் தவறியதில்லை. அந்த அட்டைக்கு மட்டும் மூலை மடங்கியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று! ஒரே அளவு, ஒரே மை, ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம் கையெழுத்து. 'காடு' என்று எழுதிக் காட்டினேன். ஒரு சிறுமி 'கரடு' என்றாள். இரண்டு முறை திருத்தினேன், மூன்றாம் முறையும் கரடுதான். கோபம் வந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தால், நான் போட்ட துணைக்கால் அசல் 'ர' மாதிரியே இருக்கிறது. நான் எழுதியதைத்தான் அவள் வாசித்திருக்கிறாள். அன்றிலிருந்து 'ர'வுக்கு அடியில் இடப்பக்கம் சாய்ந்த வாலை அழுத்திப் போடுகிறேன். எ, ஏ இரண்டையும் பிரிக்கும் கீழ்க்கோடும் அப்படித்தான், கண்ணுக்குப் பட வேண்டும்.

இனி அட்டைப்பெட்டிக்கு வருவோம். கையகல அட்டையில் மேலும் கீழுமாக இரண்டு கீறல் போட்டு, நீளமான காகிதப் பட்டை ஒன்றைச் செருகுங்கள். இழுத்தால் ஓட வேண்டும். கீறலுக்கு வலப்பக்கம் 'டம்' என்று நிலையாக எழுதிவிட்டு, பட்டையில் ப, பா, இ, த, ம, கு, ஓ என்று எழுதுங்கள். படம், பாடம், இடம், தடம், மடம், குடம், ஓடம்... ஏழு சொல் ஆயிற்று. பட்டை அகலமாக இருக்கட்டும், நாளைக்கு 'கொ' எழுதும்போது கொம்பும் காலும் அடங்க வேண்டும். படமும் பாடமும் அடுத்தடுத்து வருவது வேண்டுமென்றேதான். நான் நடுவில் 'லி'யையும் எழுதி வைப்பேன். 'லிடம்' வந்ததும் வகுப்பே சிரிக்கும். சிரித்த பிள்ளை ஊகிக்காமல் எழுத்தைப் பார்த்துத்தான் வாசித்திருக்கிறது.

கண்ணாடித்தாளில் கொம்பும் காலும் எழுதி, 'க' மேல் வைத்தால் கெ, கே, கொ ஆகும் ஒரு வித்தையும் உண்டு. உகர, ஊகார வரிசைக்கு மட்டும் அது எடுபடாது. கு, சு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுழி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் றா, னா, ணை, லை எல்லாம் ஒழுங்குக்கு வந்தன, இந்த வரிசை அப்படியே நின்றுவிட்டது. அவற்றை முழு எழுத்தாகவே எழுதிப் பழக்குங்கள்.

கேள்வி: என் மகள் ஒவ்வொரு எழுத்தையும் சரியாகச் சொல்கிறாள். சேர்த்து வாசிக்கச் சொன்னால் திணறுகிறாள். ஏன்?

பதில்: 'படம்' என்று எழுதி, எழுத்துக்கூட்டச் சொல்லிக் காது கொடுத்துக் கேளுங்கள். 'ப, ட, இம்' என்பாள். மெய்யெழுத்தை இக், இங், இம் என்றுதானே நாம் சொல்லிக் கொடுத்தோம்? இல்லாத ஓர் 'இ' நடுவில் புகுந்தால் எப்படிச் சேரும்? புள்ளி எழுத்தைத் தனி அட்டையாக வெட்டவே வெட்டாதீர்கள். முன்னால் நிற்கும் எழுத்தோடு ஒட்டியே இருக்கட்டும்: ப, டம். பட்டம் என்றால் பட், டம். இரண்டு துண்டையும் தள்ளி வைத்து வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு மெல்ல நெருக்குங்கள். மேலே சொன்ன பட்டை அட்டையில் 'டம்' பிரியாமல் நிற்பதும் இதற்காகத்தான்.