கேம்பெல்லின் பேனா

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' அறிவியல் புனைகதைகளை வாசித்து வியந்தேன். அவரை வளர்த்த பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பெல் இனவெறியர் என்றும், 2019-இல் அவர் பெயரிலிருந்த விருதுக்கு வேறு பெயர் சூட்டிவிட்டார்கள் என்றும் பிறகு அறிந்து வருந்தினேன். மனிதரை விலக்கிவிட்டு அவர் வெளியிட்ட கதைகளை மட்டும் ரசிக்கக் கூடாதா? அறிவியல் புனைகதையின் தந்தை கெர்ன்ஸ்பேக்கா, கேம்பெல்லா?

அன்புள்ள நண்பருக்கு,

தந்தை யார் என்ற பட்டிமன்றம் வேண்டாம். 1926-இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற அறிவியல் புனைகதை இதழைத் தொடங்கிய கெர்ன்ஸ்பேக், எழுத்தாளர்களுக்குப் பணம் கொடுக்காமல் இழுத்தடித்தவர். அந்தத் தந்தைமை அவரிடமே இருக்கட்டும்.

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நானும் சில காலமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் "மனிதரை விலக்கிவிட்டு" என்று எவ்வளவு சோம்பேறித்தனமாக எழுதிவிட்டீர்கள்! பத்திரிகை ஆசிரியரின் ரசனையும் பிடிவாதமும் பிறருடைய கதைகளுக்குள் கரைந்து கிடப்பவை. 1941-இல், 21 வயது அசிமோவிடம், ஆயிரம் ஆண்டுகளுக்கு ஓர் இரவு மட்டும் விண்மீன்கள் தோன்றினால் மனிதர்கள் எப்படி வணங்குவார்கள் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சனின் வரியைக் காட்டி, வணங்க மாட்டார்கள், அவர்களுக்குப் பைத்தியம்தான் பிடிக்கும் என்று வாதிட்டவர் கேம்பெல். அசிமோவின் 'நைட்ஃபால்' சிறுகதை அப்படித்தான் பிறந்தது. அதன் முடிவருகே கேம்பெல் தாமாகச் சேர்த்த பத்தியை விமர்சகர்கள் புகழ்ந்ததைப் பற்றி அசிமோவ் பின்னாளில் அலுத்துக்கொண்டார்.

நீங்கள் வியந்த 'ஃபவுண்டேஷன்' கதைகளுக்கே வருகிறேன். வேற்றுலகினரைவிட மனிதர்கள் மேலானவர்களாகவே இருக்க வேண்டும் என்பது கேம்பெல்லின் பிடிவாதம். வடமேற்கு ஐரோப்பியரே பிற மனிதர்களைவிட மேலானவர்கள் என்ற எண்ணம் அதனடியில் இருந்ததை அசிமோவ் உணர்ந்திருந்தார். ரஷ்யாவில் பிறந்து, புரூக்ளினில் மிட்டாய்க்கடை நடத்திய யூதக் குடும்பத்தில் வளர்ந்த அந்த இளைஞருக்கு அதை எழுதவும் மனமில்லை, தமக்கு வாசல் திறந்துவிட்டவரோடு மோதவும் மனமில்லை. எனவே வேற்றுலகினர் என்று ஒருவர்கூட இல்லாத, மனிதர்கள் மட்டுமே பரவி வாழும் பால்வெளியைப் படைத்து அந்தச் சண்டையைத் தவிர்த்துக்கொண்டார். 1942 முதல் வெளிவந்த அக்கதைகளின் பிரபஞ்சம் அப்படி அமைந்ததற்கு ஓர் ஆசிரியரின் இனப்பெருமையும் காரணம். இப்போது சொல்லுங்கள், எந்தப் பக்கத்தைக் கிழித்து அவரை வெளியே எடுப்பீர்கள்?

விருதின் பெயரை மாற்றியது சரியே. அதில் விவாதிக்க எனக்கு ஒன்றுமில்லை. அசிமோவையும் தொடர்ந்து வாசியுங்கள். கூடவே கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டிலானியின் 'நோவா'வையும் வாசியுங்கள்: கறுப்பினக் கதைநாயகனை வாசகர்கள் ஏற்க மாட்டார்கள் என்று சொல்லி கேம்பெல் தம் இதழில் தொடராக வெளியிட மறுத்த நாவல் அது, 1968-இல் நூலாக வந்தது.