மனக்கவலையால் மூட்டு வீங்குமா? நரம்புக்கும் வீக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்குகிறது, டாக்டர் 'டென்ஷனைக் குறைங்க' என்று அனுப்பிவிட்டார், இது நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. முக்கூடல் பக்கம் பீடி சுற்றியே எங்களைப் படிக்கவைத்த ஒருத்தியின் மகள். இதே வார்த்தையை ஒன்றரை வருஷம் கேட்டவள்.

நரம்புக்கும் வீக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு. மூளையடியிலிருந்து கழுத்து வழியாகக் குடல்வரை இறங்கும் வேகஸ் நரம்பு, உள்ளே வீக்கம் கிளம்பினால் மூளைக்குச் சொல்லும். மூளையின் பதில் மண்ணீரலுக்குப் போகும். அங்கே சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள், டிஎன்எஃப் என்ற வீக்கப் பொருளைக் கக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கும். அமெரிக்க ஆராய்ச்சியாளர் கெவின் டிரேசி குழுவினர் 2000-இல் எலிகளிடம் இந்த நரம்பை மின்சாரத்தால் தூண்டி டிஎன்எஃப் குறைவதைக் காட்டினார்கள். 2025-இல் சரவாங்கிக்காக (ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) கழுத்தில் பொருத்தும் கருவிக்கே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது.

அசிட்டைல்கோலின் அந்த அணுக்களில் போய் ஒட்டும் இடத்துக்குப் பெயர் நிகோட்டின் ஏற்பி. புகையிலையில் இருக்கும் அதே நிகோட்டின்தான். முப்பது வருஷம் புகையிலைத் தூளிலேயே கிடந்தவளின் மகள் இதைப் படித்தால் சிரிப்பு வராதா? உடனே 'அப்போ பீடி குடிச்சா சரியாகுமா' என்று யாரும் கிளம்பாதீர்கள். புகைப்பவர்களுக்குத்தான் சரவாங்கி வரும் வாய்ப்பு அதிகம்.

அம்மா ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுவாள். அது நானூறாகக் குறைந்தது. காலையில் சொளவை மடியில் வைத்துக்கொண்டு, விரல் மடங்காமல் பத்து மணிவரை சும்மா உட்கார்ந்திருப்பாள். கத்தரியைப் பிடிக்க முடியாது. அப்போதும் டாக்டர் சொன்னது 'கவலைப்படாதீங்கம்மா'தான். நூல் தளர்ந்த பீடியையெல்லாம் கடைக்காரர் கழிவு என்று ஒதுக்குவார். கழித்ததைத் திருப்பித் தரவும் மாட்டார், கூலியும் கிடையாது. அவரே மட்ட இலையைக் கொடுத்துவிட்டு, குறைந்த கட்டுக்கு எங்களிடம் காசு பிடிப்பார். இந்த லட்சணத்தில் கவலைப்படாமல் எப்படி இருப்பாள்?

கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு அம்மா டாக்டர் விரலைத் தொட்டு அழுத்திப் பார்த்தார். ஆர்ஏ ஃபாக்டர், ஆன்டி-சிசிபி என்று இரண்டு ரத்த டெஸ்ட் எழுதினார். சரவாங்கியேதான். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து. நாலாவது மாதம் தண்ணீர்ச் சொம்பைத் தானே தூக்கினாள்.

டாக்டர்கள் மேல் எனக்கு வன்மம் இல்லை, கண்டுபிடித்ததும் டாக்டர்தானே. வீட்டில் சண்டை நடந்த மறுநாள் அம்மாவுக்கு வலி கூடுவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ரத்தம்கூட எடுக்காமல் டென்ஷன் என்று சொல்ல இதெல்லாம் சாக்கு ஆகாது.

உங்கள் அம்மாவுக்குக் காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அதைச் சொல்லி, அந்த இரண்டு டெஸ்ட்டையும் வாய்விட்டுக் கேளுங்கள்.