வாசகர் கேள்விகள்: சியான் செல்லும் சேலத்துக் குழுவுக்கு

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் 18 பேர் சேர்ந்து, புரட்டாசி முடிந்ததும் சீனா செல்லத் திட்டமிட்டுள்ளோம். பயண ஏற்பாட்டாளர் கொடுத்த பட்டியலில் சியான் நகருக்கு இரண்டு நாட்கள் உள்ளன. அதில் சுடுமண் வீரர்களுக்கு அரை நாள். மறுநாள் முழுவதும் கடைவீதி. இது போதுமா?
— வரலாற்று ஆசிரியை (ஓய்வு), அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: போதாது. சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவலாகப் புதைக்கப்பட்ட சுடுமண் படை இருக்கும் லின்டோங் பகுதி, சியான் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது, பேருந்தில் போய்ச் சேர்ந்து, நுழைவாயிலிலிருந்து அகழாய்வுக் குழிகள் வரை நடந்து முடிப்பதற்குள்ளேயே உங்கள் அரை நாளில் பாதி போய்விடும். சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்க் குழுவொன்றில் நானும் சென்றேன். எங்களை அழைத்துச் சென்றவர் பொம்மைப் பிரதிகள் விற்கும் கடையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, மூன்றாம் குழிக்குப் பத்து நிமிடம் கொடுத்தார். படைத் தலைமையகம் என்று ஆய்வாளர்கள் கருதும் அந்தக் குழியை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆகவே, வழியில் எந்தக் கடையிலும் நிறுத்தக் கூடாது என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

1974 மார்ச் மாதத்தில், வறட்சிக்குக் கிணறு வெட்டிய உழவர்களின் மண்வெட்டியில் சுடுமண் துண்டுகள் அகப்பட்டதுதான் இந்தக் கண்டுபிடிப்பின் தொடக்கம். முதலாம் குழி சுமார் 230 மீட்டர் நீளமும் 62 மீட்டர் அகலமும் கொண்டது. அதில் மட்டும் 6,000 உருவங்கள் இருக்கலாம் என்பது மதிப்பீடு. பெரும்பாலோர் முன்வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பக்கவாட்டு நடைபாதை வழியாகக் குழியின் பின்பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே தலையில்லாத உடல்களும், எண்ணிட்ட துண்டுகளும், பாதி ஒட்டப்பட்ட குதிரைகளும் நிற்கும். முன்வரிசையில் விறைப்பாக நிற்கும் வீரர்களும் ஒரு காலத்தில் இப்படி நொறுங்கிக் கிடந்தவர்களே என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும்.

1980இல் கிடைத்த இரண்டு வெண்கலத் தேர்களையும் விட்டுவிடாதீர்கள். உண்மைத் தேரில் பாதி அளவே உள்ள இவை ஒவ்வொன்றும் 3,000க்கும் மேற்பட்ட பாகங்களால் ஆனவை. இப்போது குழிகளின் அருகில் இல்லாமல், பேரரசரின் கல்லறை மேட்டை ஒட்டிய தனி அருங்காட்சியகத்தில் இருப்பதால், அவசரக் குழுக்கள் இவற்றைப் பார்க்காமலே திரும்பிவிடுகின்றன.

மறுநாள் கடைவீதியைக் குறைத்துக்கொண்டு பெருங்காட்டு வாத்துக் கோபுரத்துக்குச் செல்லுங்கள். காஞ்சிபுரத்தைப் பற்றிக் குறிப்பு எழுதிவைத்த அதே யுவான் சுவாங், இந்தியாவிலிருந்து 645இல் கொண்டு சேர்த்த சுவடிகளையும் சிலைகளையும் பாதுகாக்க 652இல் எழுப்பப்பட்டது அது. மாலையில், மிங் காலத்து நகர மதில்மேல் சிறிது தூரம் நடக்கலாம். முழுச் சுற்று 13.7 கி.மீ. என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

கேள்வி: வீரர்களைத் தோண்டியவர்கள், பேரரசரின் கல்லறையை மட்டும் ஏன் இன்னும் திறக்கவில்லை? சாபத்துக்குப் பயமா?
— கல்லூரி மாணவர், ஓமலூர்

பதில்: சாபம் அல்ல, அனுபவம். கி.மு. 221இல் சீனாவை ஒன்றிணைத்து, கி.மு. 210இல் இறந்த சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குள் பாதரசத்தால் ஆறுகளும் கடல்களும் அமைக்கப்பட்டன என்று, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதினார். மேட்டின் மண்ணைப் பிற்காலத்தில் சோதித்தபோது பாதரசத்தின் அளவு இயல்பைவிட மிக அதிகமாகவே இருந்தது. ஆயினும் தயக்கத்துக்கு முதன்மைக் காரணம் அதுவன்று. பெய்ஜிங் அருகே மிங் பேரரசர் வான்லியின் கல்லறையை 1950களில் திறந்தபோது, உள்ளே இருந்த பட்டாடைகள் போதிய பாதுகாப்பின்றிச் சிதைந்துபோயின. சுடுமண் வீரர்களும் தொடக்கத்தில் சிவப்பு, பச்சை, ஊதா எனப் பல வண்ணங்களில் இருந்தவர்கள்தாம். வண்ணத்துக்கு அடியில் பூசப்பட்டிருந்த மரப்பால் மெருகு, ஈர மண்ணிலிருந்து வெளியே வந்த சில நிமிடங்களிலேயே காய்ந்து சுருண்டு, வண்ணத்தையும் பெயர்த்துக்கொண்டு உதிர்ந்தது. இவ்வளவு இழந்தவர்கள் அடுத்த கதவைத் தட்டத் தயங்குவது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?
— இல்லத்தரசி, ஆத்தூர்

பதில்: கிடைக்கும்; கேட்டு வாங்க வேண்டும். இறைச்சி, மீன், முட்டை வேண்டாம் என்று சீன எழுத்தில் எழுதிய அட்டையை ஒவ்வொருவரும் வைத்துக்கொள்ளுங்கள். 'லியாங்பி' என்னும் குளிர்ந்த பட்டை நூடுல்ஸ், மிளகாய் எண்ணெயும் வினிகரும் சேர்த்து வரும். நம் நாக்குக்கு ஒத்துப்போகும். சூப்பில் மிதக்கும் நூடுல்ஸை மட்டும் விசாரிக்காமல் வாங்காதீர்கள், அது பெரும்பாலும் எலும்புச் சாறு.

கேள்வி: எங்கள் மலையில் நிலத்தில் கிடைக்கும் பழைய கற்கோடரிகளை மரத்தடிப் பிள்ளையாருக்கு அருகில் வைத்துக் கும்பிடும் வழக்கம் உண்டு. சீனாவிலும் அதுபோன்ற பழங்காலக் கருவிகளைப் பார்க்க முடியுமா?
— காப்பித் தோட்டக் கணக்கர், ஏற்காடு

பதில்: உங்களுக்காகவே பான்போ இருக்கிறது. சேர்வராயன் மலையின் தீட்டப்பட்ட கற்கோடரிகள் புதிய கற்காலத்தவை என்பது தொல்லியலார் அறிந்த செய்தி. பான்போவும் புதிய கற்காலச் சிற்றூர்தான். ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட அந்த ஊர், 1953இல் சியானின் கிழக்குப் புறநகரில் வெளிப்பட்டது. ஊரைச் சுற்றி வெட்டிய அகழி, குடிசைகளின் தரைத்தடம், மனித முகமும் மீனும் சேர்த்து வரைந்த மண்கிண்ணம், கற்கருவிகள் எல்லாவற்றையும் அங்கேயே காணலாம். இறந்த குழந்தைகளைத் தாழியிலிட்டு வீடுகளின் அருகில் புதைத்தார்கள். மூடியாகக் கவிழ்த்த கிண்ணத்தில் சிறு துளை இருக்கும், உயிர் வந்துபோக விட்ட வழி என்று கருதுகிறார்கள். ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்த்தவர்களுக்கு அங்கே நின்றால் சட்டென்று நகர மனம் வராது.

இன்னொன்று, அவர்கள் சேமித்து வைத்த தானியம் தினை. உங்கள் மலைக்காட்டில் விளைந்த அதே தினைதான்.

அம்மாப்பேட்டை ஆசிரியைக்கும் இதையே சொல்வேன்: பான்போ, லின்டோங்கிலிருந்து நகருக்குத் திரும்பும் திசையிலேயே இருக்கிறது. தேர்களைப் பார்த்து முடித்த கையோடு, மூன்று மணிக்காவது பேருந்தைக் கிளப்பச் சொல்லுங்கள்.