கேனன் கேமராவில் எடுத்த ரா படங்களைத் திருத்த நிறுவனத்தின் இலவச மென்பொருளே போதுமா?

பத்துமலை குகைக்கோயிலின் தைப்பூசப் படங்களை ராவில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) எடுத்திருக்கிறீர்கள், திருத்தும் மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கேனனின் டிஜிட்டல் போட்டோ ப்ரொஃபெஷனல் (டிபிபி) உங்களுக்குத் தாராளமாகப் போதும். பதிவிறக்கும்போது வரிசை எண் கேட்டால், கேமராவின் அடிப்பக்கத்தில் பாருங்கள்.

அதன் பெரிய பலம் நிறம். கேமராவில் வைத்திருந்த பிக்சர் ஸ்டைல் (நிறம், கான்ட்ராஸ்ட் அமைப்பு) அப்படியே வந்துவிடும். காவடியின் மயிற்பீலியும் மஞ்சள் சேலையும் கேமராத் திரையில் பார்த்தபடியே தெரியும். மற்ற மென்பொருள்கள் இந்த நிறத்தைத் தாங்களாகவே கணக்குப் போட்டுத்தான் காட்டுகின்றன.

குகைக்குள் எடுத்தவற்றில்தான் வேலை அதிகம். மேலே திறப்பிலிருந்து நீல வெளிச்சம், சன்னதிப் பக்கம் விளக்கின் மஞ்சள். ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்) பகுதியில் ஐட்ராப்பரை, அதாவது நிறத்தைத் தொட்டெடுக்கும் கருவியை எடுத்து, முகத்தின் அருகே அதே வெளிச்சம் படும் வெள்ளை வேட்டியில் சொடுக்குங்கள். விபூதியில் வேண்டாம், தோல் நிறமும் கலந்துவிடும். 14 பிட் ராவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிநிலைகள்; ஜேபெக்கில் வெறும் 256. அதனால் இருட்டில் மூழ்கிய முகத்தையும் ஓரளவு மீட்கலாம். வெளுத்துப்போன வானம் மட்டும் திரும்பாது.

குறையும் உண்டு. டிபிபி மெதுவாக ஓடும், ரா கோப்புகளில் கேனனுடையதை மட்டுமே திறக்கும். நுணுக்கமாக ஓர் இடத்தை மட்டும் திருத்த, 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாக மாற்றி, கிம்ப் (GIMP) என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் திறந்துகொள்ளுங்கள்.

நிக்கான் வைத்திருக்கும் நண்பர்களுக்கு அந்த நிறுவனத்தின் என்எக்ஸ் ஸ்டூடியோ, அதுவும் இலவசம்தான்.